வேனைத் திருப்பாதே, மகள்

மகள்,

நீ இதை வாசிக்கும்போது வேன் இரத்தினபுரியைத் தாண்டியிருக்கும். அதற்கு முன் இந்தக் கடிதத்தைக் கொடுக்கக் கூடாது என்று வேன் ஓட்டும் நஸீரிடம் சொல்லியிருக்கிறேன். நீ எவ்வளவு கேட்டிருந்தாலும் அவன் கொடுத்திருக்க மாட்டான். முன் ஆசனத்தில் நான் இருப்பதாகத்தான் ஏற்பாடு. முதுகு பிடித்துவிட்டது, வர முடியாது என்று காலையில் உன்னிடம் சொல்லியிருப்பேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாய். ஒரு மாதமாக நாம் ஒழுங்காகக் கதைக்கவில்லை, அதனால் அப்பா சாட்டுச் சொல்லித் தப்புகிறார் என்றுதான் நினைத்திருப்பாய். முதுகு வலி உண்மை, ஆனால் அது காரணம் இல்லை. காரணத்தை எழுதத்தான் இதைத் தொடங்கினேன். போகிற வழியில் சோதனைச் சாவடியில் உன் காலைப் பற்றிக் கேட்பார்கள். நீ என்ன பதில் சொல்லப் போகிறாய் என்பதுதானே இந்த ஒரு மாதச் சண்டை. அதற்கும் நான் வராததற்கும் தொடர்பு இருக்கிறது. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே. உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

இந்த யானை விஷயம் எப்படித் தொடங்கியது என்று நினைத்துப் பார்க்கிறேன். வெள்ளவத்தையில், காலி வீதியில் இருக்கும் உன் பயண அலுவலகத்தில் வேலை என்று ஒன்றுமே இல்லாத காலம். சமாதானம் முறிந்து சண்டை மறுபடி தொடங்கிய பிறகு எந்த வெள்ளைக்காரன் வருவான்? அப்போது அன்னா என்ற ஒல்லாந்துப் பெண் ஈமெயில் அனுப்பினாள். தானும் சக்கர நாற்காலியில் இருப்பவள், காட்டுக்குள் போய் யானை பார்க்க ஆசை, ஆனால் ஜீப்பில் தன்னை யாரும் தூக்கி ஏற்றக் கூடாது, நாற்காலியோடு ஏற வேண்டும், அப்படி ஒரு ஜீப் உங்கள் நாட்டில் உண்டா என்று கேட்டிருந்தாள். "சொறி, இல்லை எண்டு ஒரு வரி எழுதி அனுப்பும் பிள்ளை" என்றாராம் உன் முதலாளி. நீ அன்றைக்கு வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துக்கொண்டே சொன்னாய்:

"இருக்கு எண்டு எழுதிப்போட்டன் அப்பா."

"எங்க இருக்கு?"

"இனித்தான் செய்யோணும்."

உன் அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் கொட்டாஞ்சேனையில் எந்தப் பையனை ஆமிக்காரர் எந்த இரவில் கூட்டிப்போவார்கள் என்று தெரியாமல் ஒவ்வொரு வீட்டிலும் தாய்மார் சப்பாத்துச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. வெள்ளவத்தை லொட்ஜுகளில் வடக்கிலிருந்து வந்த பிள்ளைகள் அடையாள அட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தார்கள். கீழ்வீட்டு மேரி அக்கா வாய்விட்டே சொன்னாள்: "நாடு எரியுது, உங்கட பிள்ளைக்கு ஆனை பாக்கோணுமாம். சண்டை முடியட்டுமே." நீ ஜன்னலுக்குள்ளிருந்து கத்தினாய்: "சண்டை முடிஞ்சா ஆமிக்காரன் என்னைப் படியில இறக்கிவிடுவானா அக்கா?" நடக்கத் தெரிந்தவர்களுக்கு எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம் என்று சொல்ல முடிகிறது. செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலில் உன் முழங்காலைத் தொட்டுச் செபிக்கும் அதே சனம்தான், நீ ஒரு பஸ்ஸில் ஏற வேண்டும் என்றால் வேறு பக்கம் பார்க்கிறது. நீ எழுந்து நடக்கிற புதுமை வர வேண்டும் என்று வேண்டுவார்கள், கதிரை உருண்டு ஏற ஒரு சறுக்குப் பலகை வைக்கக் கேட்டால் இடமில்லை என்பார்கள்.

ஆனால் மகள், தூக்குவதில் நானும் பெருமைப்பட்டவன்தான். நீ பள்ளிக்கூடம் முடிக்கும் வயதிலிருந்து ஒவ்வொரு காலையும் மேல்மாடியிலிருந்து உன்னை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அந்தக் குறுகிய படிகளில் இறங்கியிருக்கிறேன். உன் சக்கரக் கதிரை கீழே சலூன்காரரின் கடையில் இருக்கும். தெரு முழுக்கப் பார்க்கும். "தகப்பன் எண்டா இவன்தான்" என்பார்கள். அது எனக்குத் தேவைப்பட்டது. துறைமுகத்து வேலையில் ஒருவனும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

அதனால்தான் போன வருஷம் முதல்தடவை காட்டுக்குப் போனபோது நடந்தது எனக்கு அவ்வளவு சுட்டது. இடம் பார்த்து வருவோம் என்று நாம் மூவரும் நஸீரின் வேனில் உடவளவைக்குப் போனோம். வாசலில் வாடகைக்கு நின்ற உயரமான ஜீப்பில் உன்னை ஏற்ற வேண்டும். நான் தூக்கினேன். படி உயரம், முதுகு பிடித்தது, நஸீர் கீழே இருந்து தாங்கினான், உன் பாவாடை விலகியது. அடுத்த ஜீப்பில் உல்லாசப் பயணிகள் இருந்தார்கள். காட்டுக்குள் வந்து இன்னும் ஒரு யானையையும் பார்க்காதவர்கள். கமராவைத் திருப்பி நம்மைப் படம் எடுத்தார்கள். உள்ளே போய் யானைக்கூட்டம் வந்தபோது நீ பார்க்கவே இல்லை. ஆசனத்தில் சாயாமல் இருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டு முழு நேரமும் என் சட்டைக் கொலரையே பார்த்தாய். திரும்பி வரும்போதுதான் வாய் திறந்தாய்.

"அப்பா, ஹாபர்ல ஒரு பெட்டிய நீங்க கையால தூக்குவீங்களா?"

"விசரா? தூக்கினா பெட்டியும் முறியும், ஆளும் முறியும்."

"நானும் முறியிறன் அப்பா. கொண்டெய்னருக்குக் குடுக்கிற மரியாதைய எனக்கும் குடுங்களேன்."

நஸீர் வண்டி ஓட்டிக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "சாச்சா, மகள் சரியான இடத்துல வச்சுப்போட்டா" என்றான். வாழ்நாள் முழுக்கக் கப்பலில் சரக்குக் கட்டியவன் நான். கடல் எவ்வளவு ஆடினாலும் பெட்டி அசையாமல் இருக்கப் பட்டி போட்டு இறுக்குவதுதான் என் தொழில். சொந்தப் பிள்ளையை மட்டும் கையால் தூக்கிக்கொண்டு திரிந்தேன், அதையே அன்பு என்று சொல்லிக்கொண்டேன்.

பிறகு மட்டக்குளியில் நஸீரின் கராஜில் அந்தப் பழைய சின்ன லொறியை நாம் அறுத்ததும் ஒட்டியதும் உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. பின்பக்கம் இறங்கும் இரும்புச் சறுக்கு, தரையில் வளையங்கள், கதிரையின் நான்கு மூலையையும் இழுத்து இறுக்கும் பட்டிகள். ஒன்றை மட்டும் சொல்கிறேன், உனக்குச் சொன்னதில்லை. நீ வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் உன் பழைய கதிரையில் நானே உட்கார்ந்து, என்னைக் கட்டி, குன்றும் குழியுமான கடற்கரைப் பாதையில் நஸீரை ஓட்டச் சொன்னேன். பட்டி அசையவில்லை. ஆனால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. லொறியின் பக்கத் தகடு என் கண்ணுக்கு நேரே நின்றது. நின்றுகொண்டு அளந்தவர்கள் நாங்கள், எங்களுக்கு அது இடுப்பளவு. நிறுத்தச் சொல்லி அன்றைக்கே தகட்டை வெட்டித் தாழ்த்தினோம். இவ்வளவு காலமும் ஊர்வலத்தில், கலியாண வீட்டில், கடற்கரையில் உன்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு "பார் மகள், பார்" என்று சொல்லியிருக்கிறேன். நீ என்னத்தைப் பார்த்தாய்? சனத்தின் முதுகைத்தானே.

இனி அந்தப் போலியோ.

டியூஷன் முடிந்து வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்ற உன்னைக் குண்டு தூக்கி எறிந்தது. முதுகுத்தண்டில் இரும்புத் துண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் கிழமையிலேயே பொலிஸ் வீட்டுக்கு வந்தது, தமிழ் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று பதிய. இளம் தமிழ்ப் பெண், முதுகில் காயம். எந்தக் காட்டுச் சண்டையில் பட்டது என்று கேட்பார்கள். உன் அம்மாதான் முதலில் சொன்னாள், "போலியோ சேர், சின்னதிலயே" என்று. நான் தலையாட்டினேன். அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அதுவே நம் பதிலாகிவிட்டது. ஆமிக்கு மட்டும் சொன்ன பொய் இல்லை அது. குண்டு என்று சொன்னால் அடுத்த கேள்வி யாருடைய குண்டு என்பது. அந்தப் பதிலை நம் ஆட்கள் காதுபடச் சொல்லவும் எனக்குப் பயம். இரண்டு பக்கத்தாரும் பேசாமல் இருக்க ஒரே சொல் போதுமாக இருந்தது. அதில் நான் இப்போதும் வெட்கப்படவில்லை. உயிரோடு இருந்தோமே. ஒரு பிள்ளை தனக்கு நடந்ததைத் தன் வாயால் சொல்ல முடியாதபடி ஒரு நாடும் செய்கிறது, அந்த நாட்டோடு சண்டை பிடிக்கிறவர்களும் செய்கிறார்கள் என்றால் வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் இல்லை.

ஆனால் போன மாதம் அந்தச் சொல் நம்மைக் கைவிட்டது. வெட்டித் தைத்த லொறியை நஸீரின் தம்பி முன்னால் கொண்டுபோக, நாம் வேனில் பின்னால் போனோம், எல்லாம் சரியா என்று ஒருமுறை பார்க்க. சமிந்தவும் வந்தான். பொய்க்கால் செய்கிற இடத்தில் உனக்குப் பழக்கமான பையன், முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாதவன், முன்னாள் ஆமிக்காரன். ஆமிக்காரனோடு என் மகள் எதற்கு என்று நான் குதித்தது ஞாபகம் இருக்கும். வேனில் அவன் தன் ஓட்டைத் தமிழில் என்னிடம் சொன்னான்: "அங்கிள், நான் காடு நிறைய பார்த்தது. துவக்கு வைச்சுப் பார்த்தது. சும்மா பார்த்தது இல்ல." அதற்குப் பிறகு நான் அவனை முறைக்கவில்லை.

சாவடியில் அவனுடைய அட்டையைப் பார்த்துவிட்டுச் சிப்பாய் நிமிர்ந்து நின்றான். "போங்க அய்யே" என்று அண்ணன் முறை சொல்லி வழிவிட்டான். உன் பக்கம் பெண் சிப்பாய் வந்தாள். கால் என்ன என்று கேட்டாள், நான் முந்திக்கொண்டு "போலியோ மிஸ்" என்றேன். கதிரையின் மெத்தையைக் குத்திப் பார்த்தாள், குழாய்களைத் தட்டிப் பார்த்தாள், பிறகு உன் முதுகைத் தடவினாள். கை நின்றுவிட்டது. "போலியோ வந்தா முதுகு இப்படிக் கிழியுமா?" என்று சிங்களத்தில் கேட்டாள். மறைப்புக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். நானும் நஸீரும் சமிந்தவும் வெயிலில் நின்றோம். சமிந்த போய் அதிகாரியோடு கதைத்ததால்தான் உன்னை விட்டார்கள். அதற்காக அவனுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன், அதை நினைத்தால் பற்றியும் எரிகிறது. அவனுடைய காலை எடுத்ததும் உன்னுடைய காலை எடுத்ததும் ஒரே கைதான். அவனுக்கு மரியாதை. உனக்கு, முதுகைத் திற என்ற உத்தரவு. நீ ஒழுங்கான ஆள் என்பதற்கு அவன் வந்து வாக்குக் கொடுக்க வேண்டும். காட்டுக்குப் போகவிடவில்லை. அடுத்தமுறை வருவதானால் உங்கள் பகுதிப் பொலிஸிலிருந்து ஒரு துண்டுக் கடிதம் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து நீ சொன்னாய்: "இனி நான் போலியோ இல்ல அப்பா. கேட்டா குண்டு எண்டுதான் சொல்லுவன்."

"சொல்லிப்போட்டுப் பூசா சிறையில இருந்து ஆனை பார்."

"நீங்க சொன்ன பொய்தானே அப்பா இண்டைக்கு என்னை மறைப்புக்குப் பின்னால கொண்டுபோனது?"

நான் கோப்பையைச் சுவரில் எறிந்தேன். அதன் பிறகு நீயும் நானும் படியில் இறங்கும்போதுகூடக் கதைக்கவில்லை. உன் கை என் கழுத்தைச் சுற்றி இருக்கும், முகம் மறுபக்கம் இருக்கும். அந்த ஒரு மாதமும் நீ எவ்வளவு பாரம் என்று உனக்குத் தெரியாது.

அன்னா வந்து இறங்கிவிட்டாள். தங்குமிடத்தில் நீ சொன்ன அளவுக்குக் குளியலறைக் கதவை அகலமாக்கிவிட்டார்கள். எல்லாம் தயார், பொலிஸ் துண்டு மட்டும்தான் இல்லாமல் இருந்தது. அதற்காக இன்று காலை நான் ஸ்டேஷனுக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை.

காத்திருப்பவர்கள் உட்கார நீண்ட வாங்கு. அதில் நம் ஆட்கள்தான் நிறைய, ஒவ்வொருவரும் எதற்கோ கூப்பிடப்பட்டவர்கள். என் முறை வந்ததும் முன்னால் போய் நின்றேன். அதிகாரி கெட்டவர் மாதிரித் தெரியவில்லை, களைத்துப்போன மனிதர். எங்கே போகிறாள், யாரோடு, எதற்கு என்று கேட்டார். யானை பார்க்க என்றேன். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். பிறகு அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், "மகளுக்குக் கால் என்ன?"

போலியோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், மகள். சத்தியமாக அதைச் சொல்லத்தான் போனேன். ஆனால் நாளைக்கு நீ அந்தச் சாவடியில் குண்டு என்பாய், துண்டில் போலியோ என்று இருக்கும், இரண்டுக்கும் நடுவில் மறுபடி உன் முதுகைத் திறப்பார்கள். "குண்டு, சேர்" என்றேன். எங்கே என்று கேட்டார், சொன்னேன். "யார் வைத்தது?"

பின்னால் வாங்கில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தியது எனக்குக் கேட்டது. நான் சொன்னேன்: "எங்கட ஆக்கள் வைச்சது, சேர். எங்கட பிள்ளைக்குப் பட்டது."

அவர் பழைய பதிவை எடுத்துவரச் சொன்னார். "இதில் போலியோ என்று இருக்கிறதே. அன்றைக்குப் பொய்யா, இன்றைக்குப் பொய்யா?" அன்றைக்கு என்றேன். ஏன் என்றார். "உங்களுக்குப் பயந்து சேர். அவங்களுக்கும் பயந்து." அவர் உள்ளே போய் யாரோடோ கதைத்துவிட்டு வந்தார். நல்ல சேதியும் கெட்ட சேதியும் ஒன்றாகவே வந்தன. மகள் போகலாம், துண்டு தருகிறேன். காயம் என்ன என்றும் அதில் எழுதுகிறேன். ஆனால் ஒருமுறை பொய் சொன்ன வீடு. அதனால் தகப்பன் நாளைக் காலை வந்து இங்கே இருக்க வேண்டும். மகள் திரும்பி வந்து முகத்தைக் காட்டினால் வீட்டுக்குப் போகலாம்.

"என்னை வைத்திருப்பதற்கு எழுத்தில் ஏதாவது தருவீர்களா?" என்று கேட்டேன். "உனக்கா?" என்று கேட்டுச் சிரித்தார்.

இதுதான் காரணம். வெளியே வரும்போது வாங்கில் இருந்த ஒரு முதியவர் என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு தாய் மட்டும் என் கையைப் பிடித்து அழுத்தினாள். எந்தப் பக்கத்திலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. உண்மை சொன்னதும் நெஞ்சு இலேசாகிவிட்டது என்று உனக்கு எழுத மாட்டேன். உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு, "இவ்வளவு காலமும் இல்லாத உண்மை, நாளைக்குப் பயணம் வைச்சுக்கொண்டு இண்டைக்கா வரோணும் உங்களுக்கு?" என்று கத்தினாள். கொஞ்சம் அழுதாள். பிறகு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக எனக்கு இரவில் உடுத்த ஒரு சாரமும் துடைக்கத் துவாயும் எடுத்து வைத்தாள்.

நாளைக் காலை உன்னைத் தூக்கி இறக்குவேன். உன் கதிரையை நானே வேனில் கட்டுவேன். காட்டு வாசலில் லொறிக்கு மாறும்போது பட்டிகளை நஸீர் கட்டுவான், நீ ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார். அவன் கெட்டிக்காரன்தான், ஆனால் அவசரக்காரன். அன்னாவின் கதிரை இலேசானது, அதற்குப் பின்பட்டியை முதலில் போடச் சொல். சமிந்த தன் கைத்தடியைச் சக்கரத்தில் முட்டாக வைப்பான், வைக்கவிடாதே, அது வழுக்கும். யானை வண்டிக்குக் கிட்ட வந்தால் பின்னோக்கி எடுப்பார்கள், குலுக்கும், பயப்படாதே. உன்னைப் பிடிக்க நான் இல்லை. பிடிக்க வேண்டிய தேவையும் இராது. என் தோளைப் பார்க்காமல் வெளியே பார்.

சாவடியில் கேட்டால் குண்டு என்று சொல். துண்டு நஸீரிடம் இருக்கிறது, அதில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. யார் வைத்தது என்று கேட்டால், அதை என் அப்பா எங்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டார் என்று சொல். அதற்கு மேல் உன் வாயால் வர வேண்டாம், அது என்னோடு நிற்கட்டும்.

இதை வாசித்ததும் நஸீரிடம் வேனைத் திருப்பச் சொல்வாய், எனக்குத் தெரியும். திருப்பாதே. நீ பாதியில் வந்து நின்றால் நான் அந்த வாங்கில் ஒன்றுக்கும் உதவாமல் இருந்தவன் ஆகிவிடுவேன். போ. அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது என்று எழுதினாய் அல்லவா, அதைக் காட்டு. நீயும் பார்.

திரும்பி வரும்போது நேரே ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கும். வாசலில் உயரமான படிகள், சறுக்கு இல்லை. கான்ஸ்டபிள்மார் தூக்கிக்கொண்டு வருகிறோம் என்று நிற்பார்கள். விடாதே. உன் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அதிகாரி வெளியே வந்து பார்க்கட்டும். நீ தெருவில் உன் கதிரையில் இருந்துகொண்டே என்னைக் கூப்பிடு. நான் இறங்கி வருகிறேன்.

அப்பா